அட்டை அக்காவும் நூற்று முப்பது கல்லறைகளும்

அட்டை என்றால் தமிழில் இரண்டு பொருள். ஒன்று பெட்டி செய்வது. மற்றது காலில் ஏறி ரத்தம் குடிப்பது. "உங்களுக்கு இந்தப் பேரு எந்த அட்டையால வந்துச்சு?" என்று யாராவது கேட்டால் அட்டை அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். "ரெண்டாலயும்தான்" என்பார்.

பத்தொன்பது வயதில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை ஒட்டும் பிரிவில் சேர்ந்தவர் அவர். நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, மடித்து, ஒட்டி, அடுக்கிக்கொண்டே இருக்கும் வேலை. சேர்ந்த நாலாவது மாதம் ஒரு சோப்புப் பெட்டி வந்தது. பெட்டி மூடியில் உள்ளே செருகுவதற்கு ஒரு நாக்கு இருக்குமே, அது ஒரு நூல் அளவு கூடுதலாக இருந்தது. செருகினால் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் தொடாமலே வாயைப் பிளந்துகொள்ளும். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். "ஒட்டுற வேலையை மட்டும் பாரும்மா" என்றார் அவர். மறுநாளும் போய்ச் சொன்னார். மூன்றாம் நாள், சூப்பர்வைசர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, மூடிய பெட்டி ஒன்றை டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். மனுஷன் பாதி சாப்பாட்டில் இருக்கும்போது பெட்டி 'டப்' என்று திறந்துகொண்டது.

"என்னம்மா நீ, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கிற!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். வேலையை நிறுத்தி, வெட்டும் அச்சைத் திருத்தினார்கள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அடுத்த மாதம் அக்காவை மாதிரி மேசைக்கு மாற்றினார்கள்.

ஒரு பெட்டி ஆயிரக்கணக்கில் இயந்திரத்தில் ஓடுவதற்கு முன்னால், ஒன்றே ஒன்றைக் கையால் செய்து பார்ப்பார்கள். அதுதான் மாதிரி. வரைபடத்தைப் பார்த்து, அட்டையில் கோடு போட்டு, வெட்டி, மடித்து, பொருளை உள்ளே வைத்துக் குலுக்கிப் பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அக்கா அதைத்தான் செய்கிறார். ஸ்கேல் வைக்காமலே அவர் கத்தி நேராகப் போகும். விளக்கு, செருப்பு, குக்கர், கண் மருந்து என்று அவர் கையில் முதல் வடிவம் எடுக்காத பெட்டி அந்தத் தொழிற்சாலையில் இல்லை. இதைச் சொல்ல அவர் வெட்கப்படுவதும் இல்லை. "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். ஆனா அது நல்லாத் தெரியும்" என்பார்.

சர்ச்சுக்கும் அட்டைக்கும் முடிச்சுப் போட்டது அவர் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இயேசு உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக் கல் விலகிக் கிடந்த கதையை ஞாயிறுப் பள்ளியில் கேட்டுவிட்டு வந்தவள், சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கல்லறை வாசல்ல அவ்வளவு பெரிய கல்லு இருந்துச்சாமே. அதை எப்படி உருட்டினாங்க? சக்கரம் இருந்துச்சா?"

பஸ் ஓட்டுநரான அப்பா, "கியர் போட்டுத்தான்" என்றார். அக்கா எழுந்து போய் வேலைப்பையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்தார். பத்து நிமிடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குகை. முன்னால் மடித்துவிட்ட ஓரத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு வட்ட அட்டை. விரலால் தள்ளினால் கல் உருண்டு ஒதுங்கும், உள்ளே வெறும் இருட்டு தெரியும்.

மகள் கல்லை முப்பது தடவை உருட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை சர்ச்சுக்குக் கொண்டுபோனாள். பிரசங்கம் முடிவதற்குள் பின் வரிசையில் பதினோரு பிள்ளைகள் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதரே இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இதை எல்லாப் பிள்ளைங்களும் செய்யலாமா?" என்று கேட்டார்.

"செய்யலாம் ஃபாதர். பெரியவங்க குறுக்க வராம இருந்தா."

அப்படி ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை, சர்ச் பக்கத்து ஹாலில், பிள்ளைகளும் பெற்றோர்களும் சேர்ந்து ஈஸ்டருக்கு வேண்டியதைக் கையால் செய்வார்கள். முதல் வருஷம் கல்லறை. பிறகு, அதன் முன்னால் வைக்கக் காகித லில்லிப் பூக்கள். பிறகு, மடித்துச் செய்த முட்டைகள்.

முட்டைகளை ஒளித்துவைத்துத் தேடும் ஈஸ்டர் விளையாட்டில் முதல் தடவை அடிதடியே நடந்தது. கால் நீளமான பிள்ளைகள் பைநிறைய அள்ளிக்கொண்டார்கள். சின்னதுகள் வெறும் பையோடு அழுதுகொண்டு நின்றன. அடுத்த வருஷம் அக்கா ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு முட்டையிலும் அதைச் செய்த பிள்ளையின் படம் இருக்கும். உன் முட்டையை நீ தேடக்கூடாது. கையில் கிடைப்பது யாருடையதோ, அவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வருஷத்திலிருந்து முட்டை தேடும் நேரத்தில் ஹால் முழுக்க ஒரே சத்தம்தான்: "இந்தக் கண்ணாடி போட்ட முட்டை யாரு? டேய், பல்லு இல்லாத முட்டை யாருடையது?"

இன்னொரு சட்டமும் உண்டு. அதில்தான் அக்காவுக்குப் பெருமை அதிகம். பெற்றோர்கள் ஆர்வக் கோளாறில் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவார்கள். ஒரு வருஷம் ஒரு அப்பா இரண்டு மாடி வைத்துக் கல்லறை கட்டினார். பிள்ளை மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் அக்கா நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்தார்: "பிள்ளை வெட்டணும். பெரியவங்க பிடிக்கணும். ரெண்டு கையாலயும் பிடிக்கணும். ஒரு கை சும்மா இருந்தா அது கத்தரிக்கோலைத் தேடிப் போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் கேட்டார்கள். போன வருஷம் தொண்ணூறு பிள்ளைகள் வந்தார்கள்.

இந்த வருஷம் சர்ச் கமிட்டிக்குப் புதுச் செயலாளர். பல் டாக்டர். சொந்தக் கிளினிக் நடத்துகிறவர், நேரம் தவறாதவர், காரியத்தில் சுறுசுறுப்பு. முதல் கூட்டத்திலேயே ஒரு படத்தைக் காட்டினார். "இது ரெடிமேட் கிட். எல்லாம் வெட்டியே வரும். ஸ்டிக்கர் ஒட்டினா முடிஞ்சது. நூறு பிள்ளை செஞ்சாலும் எல்லாம் ஒரே மாதிரி அழகா இருக்கும். குப்பையும் கம்மி."

"எல்லாம் ஒரே மாதிரி வரணும்னா எங்க ஃபாக்டரியிலயே அடிச்சுக் கொடுத்துடலாம் டாக்டர்" என்றார் அக்கா. "பிள்ளைங்க எதுக்கு வரணும்? வீட்ல தூங்கட்டும்."

டாக்டர் சிரித்துவிட்டார். இந்த வருஷத்துக்குப் பழையபடியே நடக்கட்டும் என்று முடிவானது.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. புது அட்டைக் கட்டு ஒன்று வந்து இறங்கியிருந்தது. கட்டைச் சுற்றி இரும்புப் பட்டை. இந்த வேலைக்கு ஆள் உண்டு. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவசரத்தில் அக்காவே குனிந்து பட்டையை வெட்டினார். இறுகிக் கிடந்த பட்டை சாட்டை மாதிரித் துள்ளி, வலது கட்டைவிரலின் அடியில் பாய்ந்தது.

விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது. "அப்புறம் விரல் பழையபடி மடங்குமா டாக்டர்?" என்று ஆபரேஷன் செய்தவரிடம் கணவர் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவர் இரண்டே வாக்கியம்தான் பேசினார். "இருபத்திரண்டு வருஷம் கத்தியோட குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரு கீறல் கிடையாது. போயும் போயும் கட்டு அவிழ்க்கப் போய் மாட்டிக்கிட்டேன்."

நாலாம் நாள் செயலாளர் டாக்டர் பழத்தோடு பார்க்க வந்தார். கட்டைத் தொட்டுப் பார்த்தார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. அந்த கிட்டை ஆர்டர் போட்டுடறேன். இன்னும் டைம் இருக்கு."

"வேண்டாம் டாக்டர். கட்டு கையிலதான். வாயில இல்ல. நான் சொல்றேன், அவங்க செய்யட்டும்."

டாக்டர் போனதும், அக்கா கணவரை மேசைமுன் உட்காரவைத்தார். முன்னால் ஒரு அட்டை. "சரி, ஒத்திகை பார்ப்போம். நான் சொல்லச் சொல்லச் செய்ங்க. முதல்ல நீளவாக்குல மடிங்க."

"எந்த நீளவாக்கு?"

"நீளமா இருக்கிற நீளவாக்கு!"

"உள்பக்கமாவா, வெளிப்பக்கமாவா?"

"வழக்கமா மடிக்கிற பக்கமா."

"எனக்கு வழக்கமே இல்லையே."

நாற்பது அடி பஸ்ஸை நெருக்கடியான சந்தில் திருப்புகிற கை அது. அட்டையை எடுத்ததும் அதற்கு ஒரு மடிப்பும் வரவில்லை. மூலை கிழிந்தது. ஓரம் நசுங்கியது. கல்லறை என்று வந்து நின்றது, லாரி ஏறிய ஷூ டப்பா மாதிரி இருந்தது. அக்காவின் இடது கை பொறுக்க முடியாமல் பாய்ந்து தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. அட்டை ஊறியது. கணவருக்குக் கோபம் வந்தது. "பஸ்ஸுக்கு வழி சொல்றவன்கூட உன்னைவிட நல்லாச் சொல்லுவான்!"

இதையெல்லாம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். இப்போது பதின்மூன்று வயது. "அம்மா, உனக்குத் தெரிஞ்சது எல்லாம் உன் கையிலதான் இருக்கு. வாய்க்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

அக்காவுக்குச் சுருக்கென்று இருந்தது. பொய்யாக இருந்தால் சுருக்கென்று இருந்திருக்காது என்பதும் தெரிந்தது.

மறுநாள் கணவரும் மகளும் கிளம்பிப் போனதும் அவர் மேசைக்கு முன் தனியே உட்கார்ந்தார். இடது கை மட்டும். முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான். அட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. பிடித்தால் மடிக்க முடியவில்லை. மடிக்கப் போனால் பிடிக்க ஆளில்லை. பிறகு அட்டையின்மேல் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்தார். அட்டை நின்றது. மேசை விளிம்பில் வைத்து அமுக்கினார். மடிப்பு விழுந்தது. 'இதுக்கு இன்னொரு கை எதுக்கு? மேசையே கைதானே' என்று தோன்றியது.

கத்தரிக்கோல்தான் இடித்தது. ஒரு கையால் வெட்டினால் காகிதம் கூடவே வருகிறது. ஆத்திரத்தில் சாம்பல் நிறக் காகிதம் ஒன்றை இஸ்திரிப்பெட்டியின் அடியில் செருகி, ஒரே இழுப்பாகக் கிழித்தார். கிழிந்த ஓரம் நாரும் பிசிருமாக நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாறையின் ஓரம் அப்படித்தானே இருக்கும். எட்டு வருஷமாகப் பிள்ளைகளைக் கத்தரிக்கோலால் பாறை வெட்ட வைத்திருக்கிறோம்! பாறையை எவன் கத்தரித்தான்?

சாயங்காலம் மகள் வந்தபோது மேசைமேல் ஒரு கல்லறை இருந்தது. வெட்டாமல், ஒட்டாமல், ஒற்றைக் கையால் மடித்தது. பக்கத்தில் கிழித்த டிஷ்யூவில் இரண்டு லில்லி.

"இதை யாரும்மா செஞ்சா?"

"ஐயாவோட இடது கை."

தன்னைத்தானே ஐயா என்று சொல்லிக்கொண்டால் அக்கா உச்ச சந்தோஷத்தில் இருக்கிறார் என்று அந்த வீட்டில் அர்த்தம்.

அடுத்து வாய்க்குப் பயிற்சி. மடிப்புகளுக்கெல்லாம் பெயர் வைத்தார். மேலே துருத்தி நிற்பது மலை, உள்ளே போவது பள்ளம். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை காது. செருகுவது நாக்கு. நாக்கு போகிற கீறல் வாய். பிறகு வேறு ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு அட்டையைக் கூரியரில் அனுப்பிவிட்டு, போன் போட்டார். வீடியோ கிடையாது, வெறும் குரல். தங்கச்சிக்கு இந்த மாதிரி வேலை என்றாலே வேப்பங்காய். அதனால்தான் அவளைப் பிடித்தார்.

"முதல்ல மலையை மடி. முதுகு உன்னைப் பார்த்து நிக்கணும்."

"ம்."

"ரெண்டு காதையும் உள்ள தள்ளு."

"தள்ளிட்டேன்."

"இப்போ நாக்கை வாய்க்குள்ள போடு."

"அக்கா, நாக்கு எங்க இருக்குன்னே தெரியல."

"உனக்கா? உனக்கு நாக்கு எங்க இருக்குன்னு தெரியலையா? ஊருக்கே தெரியுமே!"

போன் துண்டிக்கப்பட்டது. அக்கா பொறுமையாக மறுபடி போட்டார். 'நாக்கு' என்று சொல்வதற்கு முன்னால் 'உனக்கு நேர் எதிர்ல இருக்கிற நுனி' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் இடது கையால் கோணல்மாணலாகக் குறித்துக்கொண்டார். நாலாவது போனில் தங்கச்சி கத்தினாள்: "நிக்குதுக்கா! கல்லறை நிக்குது!" பின்னால் அவள் மாமியார், "யாரு செத்துட்டாங்க?" என்று பதறுவது கேட்டது.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அதே பழைய சோப்புப் பெட்டி மனுஷன்தான், கழிவு அட்டையில் முந்நூறு துண்டுக்கு மடிப்புக் கோடும் வாய்க் கீறலும் மட்டும் இயந்திரத்தில் போட்டுக் கொடுத்தார். விளக்குப் பெட்டியில் வயர் வெளியே வர வட்டமாகத் துளை போடுவார்கள். விழுகிற வட்டங்களை ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். அவை கல்லாகும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஹால் நிரம்பிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் நூற்று முப்பது பிள்ளைகள். வீட்டிலிருந்து கனமான பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்ததால், ஒவ்வொரு மேசையும் காயலான் கடை மாதிரி இருந்தது. இஸ்திரிப்பெட்டி, அகராதி, செங்கல், டம்பெல், ஒரு தையல் மெஷினின் மேல்பாகம். செயலாளர் டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து மாவுக்கட்டு மாவில் வார்த்த ஒரு ஜோடித் தாடையைக் கொண்டுவந்திருந்தார். முப்பத்திரண்டு பல்லும் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றன. பாதிப் பிள்ளைகள் அந்த மேசைக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தார்கள்.

அக்கா வழக்கம்போல நாற்காலிமேல் ஏறினார். கணவர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். "இன்னைக்குக் கத்தரிக்கோல் கிடையாது. பசை கிடையாது. எல்லாரும் ஒரு கையை மடியில வச்சுக்கோங்க. என்னை மாதிரி. ஒரு கையாலதான் செய்யப்போறோம். பெரியவங்களும் ஆளுக்கு ஒண்ணு செய்யலாம். தப்பா வந்தா சிரிக்கலாம். அடுத்தவங்களதைத் தொடக்கூடாது."

பிறகு குரல் கொடுத்தார். மலை, பள்ளம், காது, நேர் எதிர் நுனி, நாக்கு. நூற்று முப்பது பிள்ளைகளும் நாக்கை நீட்டிக்கொண்டே அட்டையின் நாக்கைச் செருகினார்கள். மூன்று வயசுக் குழந்தைகூடக் காகிதம் கிழித்தது. கிழிப்பதற்குத் திட்டு வாங்காத முதல் நாள் அதற்கு. டாக்டருக்குக் கிழிக்க வரவில்லை. கை தன்னால் நேர்கோட்டில் போனது. "டாக்டர், பாறை கேட்டா டைல்ஸ் போடுறீங்களே" என்றார் அக்கா. டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

கதவோரத்து மேசையில் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஃபர்னிச்சர் கடையில் காவலாளி, சீருடையோடே வந்திருந்தார். சட்டையின் இடது கை முழங்கைக்கு மேலே மடித்து ஊசி குத்தியிருந்தது. உள்ளே கை இல்லை. அவர் பக்கத்தில் ஆறு வயசு மகள். அவர் தாடையால் காகிதத்தை அமுக்கி, வலது கையால் கிழித்து, அதை வட்ட அட்டையில் சுற்றிச் செருகிவிட்டார். இரண்டு நிமிடத்தில் முடித்து, மகளுக்காகக் காத்திருந்தார். அந்த ஹாலிலேயே அவர்தான் வேகம்.

அக்கா போய் நின்றார். "அண்ணே, அசத்துறீங்களே! உங்களை இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையே. புதுசா வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. மூணு வருஷமா வர்றேன். பாப்பாவை விட்டுட்டு வாசல் கேட்டுகிட்ட நிப்பேன். அவ உள்ள வேற யார் பக்கத்துலயாவது உட்கார்ந்துக்குவா."

"உள்ள வந்திருக்கலாமே?"

அவர் சங்கடத்தோடு சிரித்தார். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார். "ரெண்டு கையாலயும் பிடிக்கணும்னு சொன்னீங்க."

பாப்பா நிமிர்ந்து, "இந்த வருஷம் எங்கப்பாதான் ஃபர்ஸ்ட்" என்றாள்.

"ஆமாடா கண்ணு. எனக்கும் முன்னாடி" என்றார் அக்கா. பிறகு காவலாளியிடம், "அண்ணே, என் தப்பு அது. நான் கவனிச்சிருக்கணும்" என்றார். அவர் பதறி, "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். "இருக்கு" என்றார் அக்கா. "பின்னாடி மேசையில நாலு அப்பாக்கள் தடுமாறிக்கிட்டிருக்காங்க. அந்தக் கிழிக்கிற வித்தையைக் கொஞ்சம் வந்து காட்டுறீங்களா?" அவர் எழுந்து போனார். பாப்பா முன்னால் நடந்து, "வழி விடுங்க, எங்கப்பா வர்றாங்க" என்று கூட்டத்தை ஒதுக்கினாள்.

அன்று மதியம் வீட்டில் அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "மூணு வருஷம்ங்க. கேட்டுகிட்ட ஒரு மனுஷன் நிக்கிறார். என் கண்ணு எங்க போச்சு?"

"அட்டையில இருந்துச்சு" என்றார் கணவர். பிறகு, தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "இப்போ பார்த்துட்டல்ல. சாப்பிடு" என்றார்.

கல்லறைகளை மூடியபடி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஞாயிறு காலை சர்ச்சில்தான் கல்லை உருட்டலாம் என்பது ஏற்பாடு. அந்த ஒரு ராத்திரியைப் பிள்ளைகள் எப்படிக் கழித்தார்கள் என்பதைத் தாய்மார்கள் மறுநாள் கதைகதையாகச் சொன்னார்கள். ஒரு பையன் தன் கல்லறைக்குப் பாதுகாப்பாக இரண்டு பொம்மைப் போலீஸ்காரர்களை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறான். ஒரு பெண் பிள்ளை, உள்ளே எட்டிப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, காதை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

விடிந்ததும் பலிபீடப் படிகளில் நூற்று முப்பது கல்லறைகள் வரிசையாக ஏறின. பெரியவர்கள் செய்ததையும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கோணல், குட்டை, தொப்பை விழுந்தது, பல் தடம் பதிந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் பிசிர் ஓரத்தோடு ஒரு வெள்ளை லில்லி. மணி அடித்ததும் பிள்ளைகள் மண்டியிட்டு ஒரே நேரத்தில் கல்லை உருட்டினார்கள். அட்டையில் அட்டை உருள்கிற அந்தச் சரசரப்பு சர்ச் முழுக்கக் கேட்டது. ஒரு அம்மா மட்டும் பரபரத்துக்கொண்டிருந்தார்: "ஃபாதர், எங்க பையனோட கல்லைக் காணோம்!"

"காணோம்னா நல்ல செய்திதானேம்மா" என்றார் ஃபாதர்.

காவலாளி கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தார். தன் கல்லை உருட்டிவிட்டு வந்த பாப்பா அவர் தோளில் ஏறி உட்கார்ந்து படிகளைப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் கட்டைப் பிரித்தார்கள். விரல் பாதிதான் மடங்கியது. பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம் வரும், முழுசாக வராது என்றார்கள். அக்கா அதை இரண்டு நாள் அழுது தீர்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி, "ஆபீஸ்ல உட்கார்ற வேலை ஒண்ணு இருக்கு, வேணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"மாதிரி மேசையில யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. உனக்காகத்தான் வச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

முதல் வாரமே ஒரு மாத்திரைப் பெட்டிக்கு வரைபடம் வந்தது. அக்கா அதன்படி ஒரு பெட்டி செய்து மேசையில் வைத்து, வலது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. நாக்கைச் சற்று அகலமாக்கி, காதைக் குறைத்து, கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளினால் திறக்கிற மாதிரி ஒன்று செய்தார். கூடவே ஒரு சீட்டும் வைத்தார்: 'நோயாளிக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கும்னு என்ன நிச்சயம்?' மருந்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்து, ஆளுக்கொரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார்கள். மூன்றாவது மாதிரியில் ஒத்துக்கொண்டார்கள். இப்போது அது இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாதிரி மேசையில் அக்காவுக்கு வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெட்டுவதில் பாதியை இடது கையால் செய்கிறார். கோடு நேராகத்தான் வருகிறது.